குளிர்காலத்தில் கிரேக்கத் தீவு: சீரோஸில் எட்டு நாள்

ஜனவரியில் கிரேக்கத் தீவுக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். ஆனால் எந்தத் தீவு என்பதைப் பொறுத்துதான் எல்லாமே. படங்களில் வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமுமாக வரும் சாந்தோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் இந்த மாதத்தில் போனால் அழகு அப்படியேதான் இருக்கும், சாப்பாட்டுக்குத்தான் தெருத்தெருவாகத் தேட வேண்டிவரும். நவம்பர் பிறந்ததும் அங்கே பெரும்பாலான ஹோட்டல்களையும் உணவகங்களையும் பூட்டிவிடுகிறார்கள், வேலை பார்த்தவர்கள் ஏதென்ஸுக்கோ சொந்த ஊருக்கோ திரும்பிவிடுகிறார்கள், மறுபடி கதவு திறப்பது ஏப்ரலை ஒட்டித்தான். அதனால் குளிர்காலத்திலும் எங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுத்தோம். அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் சீரோஸ்.

சின்னத் தீவு, சுமார் 84 சதுர கிலோமீட்டர். ஆனால் சுமார் 21,000 பேர் வருடம் முழுவதும் இங்கே வாழ்கிறார்கள். சிக்லாடீஸ் தீவுக்கூட்டத்துக்கே தலைநகரமான எர்மூபோலி இங்கேதான் இருக்கிறது. அரசு அலுவலகங்கள், நீதிமன்றம், மருத்துவமனை, 1861-இல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நெயோரியன் கப்பல் பட்டறை, ஏஜியன் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பொறியியல் துறை எல்லாம் இந்த ஒரே ஊரில். வெளியாள் வந்தாலும் வராவிட்டாலும் காலை ஆறு மணிக்கு பேக்கரி திறந்தாக வேண்டும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேறு இல்லை.

நானும் அக்காவும் போனோம். அக்கா திருச்சியிலிருந்து வந்து மியூனிக்கில் என்னோடு இரண்டு மாதம் இருந்தாள். முட்டை, மீன் எதுவும் தொடமாட்டாள், முழங்கால் வலி வேறு. அவளுக்கு எது ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை என்பதை வைத்துத்தான் இதில் பாதியை எழுதுகிறேன். ஜனவரி 24 சனிக்கிழமை இறங்கினோம். ஆறு நாள் என்று திட்டம் போட்டது எட்டு நாளானது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கப்பல். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு இப்போது மெட்ரோவிலேயே நேராகப் போய்விடலாம். 2022 அக்டோபரில் மூன்றாம் எண் தடத்தைத் துறைமுகம் வரை நீட்டிவிட்டார்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. கப்பல் காலை ஏழரைக்கு என்பதால் முந்தின இரவு பிரேயஸிலேயே தங்கிவிட்டோம், அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். கோடையில் பறக்கும் அதிவேகப் படகுகள் இந்த மாதங்களில் பெரும்பாலும் கிடையாது. கார், லாரி எல்லாவற்றையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய கப்பல்தான், சீரோஸுக்குக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். டிக்கெட் ஆளுக்கு நாற்பது யூரோவை ஒட்டி வந்தது. உள்ளே கூட்டமே இல்லை. லாரி டிரைவர்கள் இரண்டு மூன்று இருக்கைகளைச் சேர்த்துப் போட்டுக் கால் நீட்டித் தூங்கினார்கள், பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள், மருத்துவமனையில் காட்டிவிட்டு வரும் வயதானவர்கள் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருந்தார்கள். சுற்றுலாவுக்கு என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் ஒரு நெதர்லாந்து தம்பதி.

இறங்கும் நேரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கரை நெருங்குகிறது என்று அறிவித்ததும் எல்லோரும் படியிறங்கிக் கீழே வாகனத் தளத்துக்குப் போய் லாரிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். டீசல் வாடை, சங்கிலிகள் கடகடவென்று உருளும் சத்தம், ஒரே இருட்டு. கப்பல் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கப் பெரிய இரும்புக் கதவு மெல்ல இறங்குகிறது, முதலில் ஒரு கோடு வெளிச்சம், பிறகு வானம், பிறகு இரண்டு குன்றுகள் முழுக்க வீடுகள், கடைசியில் தரை. கதவு கரையைத் தொட்ட அடுத்த நொடி எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இறங்குகிறார்கள். ஐந்து நிமிடத்தில் கப்பல் அடுத்த தீவுக்குக் கிளம்பிவிட்டது. முழங்கால் வலிக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் அவசரமாக இறங்க வேண்டாம், நகரும் படிக்கட்டும் லிஃப்டும் இருக்கின்றன, ஊழியர்களிடம் கேட்டால் காட்டுகிறார்கள்.

சரி, அறை. இங்கேதான் முதல் அடி வாங்கினோம். இணையத்தில் பார்த்து, கடல் பார்த்த பால்கனி, உயரமான கூரை, பளிங்குத் தரை என்று மயங்கி ஒரு பழைய வீட்டில் அறை எடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். ஆகஸ்டில் சொர்க்கமாக இருக்கக்கூடிய அந்த அறை ஜனவரியில் குளிர்சாதனப் பெட்டிதான். அந்த உயரக் கூரைக்கு ஒரே ஒரு ஏசியைச் சூட்டுக்குப் போட்டால் சூடெல்லாம் மேலேயே நின்றுவிடுகிறது, கட்டில் உயரத்துக்கு வருவதில்லை. பளிங்குத் தரையில் காலுறை போட்டும் கால் வைக்க முடியவில்லை. வெளியே பகலில் 13, 14 டிகிரி, மியூனிக்கில் இருக்கிறவனுக்கு அது குளிரே இல்லை. ஆனால் தீவுக் குளிர் வேறு ஜாதி. ஈரக் குளிர், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிடிக்கும். போர்வையைத் தொட்டால் துவைத்துப் பாதி காய்ந்த துணி மாதிரி இருந்தது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை.

முதல் நாள் மாலை அக்கா குளியலறையிலிருந்து கத்தினாள், "டேய், பச்சைத் தண்ணியாவே வருதுடா, அரை மணி நேரமா திறந்து விட்டிருக்கேன்." இது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். கிரேக்க வீடுகளில் மொட்டை மாடியில் சூரிய ஹீட்டர் வைத்திருப்பார்கள், கோடையில் தண்ணீர் தானாகக் கொதிக்கும். மேகம் மூடிய ஜனவரியில் அது வேலைக்காகாது. அப்போது மின்சார கீசரைப் போட வேண்டும், அதன் சுவிட்ச் குளியலறையில் இருக்காது, வாசல் பக்கத்து மெயின் போர்டில் ஃபியூஸ்களோடு ஃபியூஸாக இருக்கும். குளிப்பதற்கு இருபது முப்பது நிமிடம் முன்னால் போட்டு, குளித்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும், அங்கே எல்லா வீட்டிலும் பழக்கம் அதுதான். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரரோ ஏதென்ஸில், போனில் செய்தி அனுப்பினால் மறுநாள்தான் பதில் வந்தது.

இரண்டு இரவுக்கு மேல் முடியவில்லை. திங்கட்கிழமை காலை, கட்டிய பணம் போனால் போகட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, சந்தைத் தெருவுக்கு மேலே ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதிக்கு மாறினோம். ஆறே அறைகள், கூரை தாழ்வு, மரத்தரை, வெந்நீர் ஓடும் ரேடியேட்டர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கடல் துளிகூடத் தெரியாது. ஒரு இரவுக்கு இரண்டு பேருக்கு 45 யூரோ. அதே அறை ஆகஸ்டில் இரண்டு மடங்குக்கு மேல் என்று விடுதியை நடத்தும் அம்மாளே சொன்னார். அறுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அக்காவைக் கூட்டிப்போய் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார், பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கேட்டார். இங்கே முழு மதிப்பெண். குளிர்காலத்தில் அறை எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சூடாக்குவது ரேடியேட்டரா வெறும் ஏசியா, கீசர் எங்கே, வீட்டுக்காரர் தீவில் இருக்கிறாரா. பால்கனியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிரேக்கத்தில் தங்குமிடத்துக்கு அரசு வசூலிக்கும் பருவநிலைக் கட்டணம் தனி, வாசலில் கேட்டு வாங்குவார்கள், குளிர்காலத்தில் அதுவும் குறைவு.

ஊரைப் பற்றி. எர்மூபோலி மற்ற தீவு ஊர்களைப் போல வெள்ளைப் பெட்டி வீடுகளாக இருக்காது. 1821-இல் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியதும் ஹியோஸ், ப்ஸாரா, ஸ்மிர்னா பக்கமிருந்து உயிர்பிழைத்து ஓடிவந்தவர்கள் இந்தக் கரையில் கட்டியெழுப்பிய ஊர் இது. வியாபாரத்துக்கு அதிபதியான ஹெர்மெஸ் கடவுளின் பெயரை வைத்தார்கள். வியாபாரமும் அப்படியே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமாகவே இருந்து, பிறகுதான் பிரேயஸ் முந்திக்கொண்டது. அந்தக் காலத்துப் பணம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. மியாவூலி சதுக்கம் முழுக்கப் பளிங்குக் கல் பாவியது. அதன் ஒரு பக்கம் முழுவதும் கட்டடக் கலைஞர் ஏர்ன்ஸ்ட் ஸில்லர் வடிவமைத்த நகரசபைக் கட்டடம், 1876-இல் கட்டத் தொடங்கியது. பக்கத்துத் தெருவில் 1864-இல் திறந்த அப்பல்லோ தியேட்டர், உள்ளே இத்தாலிய நாடக அரங்கு மாதிரி மாடங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. நாங்கள் போன காலை வேளையில் உள்ளே நாங்கள் மட்டும்தான். ஒரு மாடத்தில் உட்கார்ந்து கூரை ஓவியத்தைக் கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம், யாரும் நேரமாகிவிட்டது என்று வந்து சொல்லவில்லை.

சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரே இரண்டு குன்றுகள். இடது பக்கம் ஆனோ சீரோஸ், உச்சியில் கத்தோலிக்கர்களின் புனித ஜார்ஜ் பேராலயம். வலது பக்கம் ஆர்த்தடாக்ஸ்காரர்களின் உயிர்த்தெழுதல் கோயில். இரண்டு மணியும் ஒன்றன் பின் ஒன்றாக அடிக்கின்றன. இந்தத் தீவில் இரண்டு பிரிவினரும் காலங்காலமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள், பெண் கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள், கத்தோலிக்கர்களும் ஈஸ்டரை ஆர்த்தடாக்ஸ் தேதியிலேயே கொண்டாடுகிறார்கள். கோடையில் வருகிறவர்களுக்குச் சதுக்கம் என்றால் குடைகளும் காபி மேசைகளும்தான். அன்றைக்கு அங்கே இருந்தது பந்து விளையாடும் பிள்ளைகள், பேரனைச் சைக்கிளில் பிடித்துக்கொண்டு ஓடும் தாத்தா, வெயில் விழும் பக்கமாக நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டே இருந்த கிழவர்கள். யார் யாரைப் பார்த்தாலும் "கலி க்ரோனியா", அதாவது நல்ல வருடமாக அமையட்டும். ஜனவரி முடியும் வரை சொல்வார்களாம். எங்களுக்கும் சொன்னார்கள். காசு இருக்கிறது என்று தெரிந்து சொன்ன வணக்கம் இல்லை அது.

துறைமுகத்துக்கு அருகில் மரியன்னை துயில் கோயிலில் ஓவியர் எல் கிரேகோ இளவயதில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அது அவருடையதுதான் என்பது 1983-இல் கையெழுத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் தெரியவந்தது. அதுவரை மற்ற படங்களோடு ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே இருந்த ஒரு அம்மாள் எங்களுக்காக விளக்கைப் போட்டுவிட்டார். தங்கநிறப் பின்னணி, கீழே நடுவில் ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி, அதன் அடியில்தான் கையெழுத்து. மூக்கு படும் தூரத்தில் நின்று பார்த்தோம். தொழில் அருங்காட்சியகமும் போய்ப் பாருங்கள், 1970-களில் இந்தத் தீவில் செய்த என்ஃபீல்ட் 8000 என்ற குட்டி மின்சாரக் கார் அங்கே நிற்கிறது. இன்றைக்கு ஊரெல்லாம் மின்சார வண்டி பேச்சாக இருக்கும்போது ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்த வண்டியைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கடை நேரத்தைக் கவனியுங்கள். திங்கள், புதன், சனி மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். செவ்வாய், வியாழன், வெள்ளியில் மதியம் மூடி மாலை ஐந்தரை வாக்கில் மறுபடி திறப்பார்கள். ஞாயிறு விடுமுறை. சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை வேறு கணக்கு. நாங்கள் அறை மாறிய திங்கட்கிழமை மாலை அக்காவுக்குக் கம்பளிக் காலுறை வாங்க அலைந்து, மறுநாள்தான் கிடைத்தது.

இனி சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிரேக்கக் குளிர்காலம் கோடையைவிட நல்லது என்று அடித்துச் சொல்வேன். கோடையில் மெனு எல்லோருக்கும் பொதுவானது: வறுத்த கணவாய், இறைச்சிக் கம்பி, ஃபேட்டா பாற்கட்டி போட்ட தக்காளி சாலட். ஜனவரியில் நல்ல தக்காளியே கிடையாது, ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைத்தான் சமைக்கிறார்கள். சந்தைத் தெருவுக்குப் பக்கத்தில் மதியம் மட்டும் திறக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஐந்து நாள் சாப்பிட்டோம். மெனு அட்டை கிடையாது. உள்ளே கூப்பிட்டு அடுப்பில் இருக்கும் பாத்திரங்களின் மூடியைத் திறந்து காட்டுவார்கள், கை காட்டினால் போதும். புதன்கிழமை தோலோடு வேகவைத்த மசூர் பருப்பு, பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு, மேலே நாமே வினிகர் ஊற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு நாள் இரவு முழுக்க அடுப்பில் கிடந்த கொண்டைக்கடலை, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் தவிர எதுவும் இல்லை, வாயில் போட்டால் வெண்ணெய் மாதிரி கரைகிறது. தினமும் ஹோர்த்தா, மழைக்குப் பிறகு மலையில் முளைக்கும் காட்டுக் கீரைகளை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தருவது, லேசான கசப்பு. சோம்புச் செடியின் தழையைக் குவியலாக வைத்து மடித்த ஒரு தட்டை அடை, அது இந்தத் தீவுச் சரக்கு. அக்கா மூன்று வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு 22, 24 யூரோவைத் தாண்டியதில்லை. கேட்காமலேயே கடைசியில் ஒரு தட்டு ஆரஞ்சு, பட்டைத் தூள் தூவி.

ஒரு எச்சரிக்கை. சைவம் என்று சொல்ல "நிஸ்தீசிமோ" என்று கேட்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். அது விரதச் சாப்பாட்டுக்கான சொல். புதனும் வெள்ளியும், ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தைய நாற்பது நாட்களும் இறைச்சி, பால், முட்டை இல்லாமல் சமைப்பார்கள். ஆனால் அவர்கள் விரதக் கணக்கில் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சிப்பிக்கும் இறாலுக்கும் தடை இல்லை. எங்களுக்கு ஒருமுறை நிஸ்தீசிமோ சோறு என்று வந்ததில் கணவாய்த் துண்டு இருந்தது. கடைக்காரர் பதறிப்போய் எடுத்துப்போனார், அவர்மேல் தப்பே இல்லை. மீனும் வேண்டாம், கடல் பிராணி எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் மீன் சாப்பிடுகிறவன், எனக்குப் பொடி மீன் வறுவலும் சோம்பு போட்ட ஊர்த் தொத்திறைச்சியும் பிடித்தன. சான் மிஹாலி என்ற இந்தத் தீவுப் பாற்கட்டி கொஞ்சம் விலை, காரமாகக் கெட்டியாக இருக்கும், அரைத் துண்டு வாங்கிப் பாருங்கள்.

இனிப்பில் சீரோஸுக்கே பேர் லுகூமிதான். ஹியோஸிலிருந்து வந்த அகதிகள் கொண்டுவந்த கைவேலை. சர்க்கரையையும் மாவுச்சத்தையும் மணிக்கணக்காகக் கிண்டி, தட்டில் ஊற்றி ஆறவைத்து, வெட்டி, சர்க்கரைப் பொடியில் புரட்டுவது. நம்மூர் கோதுமை அல்வாவில் நெய்யை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அந்த இழுவை. துறைமுகத்துக் கடையொன்றில் காலை எட்டு மணிக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றோம், கத்தி மாவில் படும்போது சத்தமே இல்லை, ஓரத்துத் துண்டை இன்னும் வெதுவெதுப்பாக எங்கள் கையில் வைத்தார்கள். ரோஜா வாசனைப் பெட்டியைவிட பெர்கமோட் எலுமிச்சைப் பெட்டியை வாங்குங்கள். மாஸ்டிக் பிசின் போட்டதும் நல்லது. இன்னொன்று ஹல்வதோபித்தா, இரண்டு மெல்லிய அப்பளத் தகடுகளுக்கு நடுவில் தேனும் பாதாமும் சேர்ந்த வெள்ளை மிட்டாய். பல் பத்திரம்.

ஆனோ சீரோஸ் ஏறுவதற்கு முழங்கால் வேண்டும். வண்டி உள்ளே போகாத இடைக்காலத்து ஊர், படிகளும் சந்துகளும் மட்டும். அக்காவுக்காக டாக்ஸியில் மேல் வாசல் வரை போய், அங்கிருந்து இறங்கிக்கொண்டே பார்த்தோம், அதுதான் சுலபமான வழி. "மலைக்கோட்டையை மேலேயிருந்து கீழே பார்க்கிற மாதிரி இருக்குடா" என்றாள். பூனைகள், புகைபோக்கிப் புகை, எங்கோ ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை. ரெபெத்திகோ என்ற கிரேக்க மக்கள் பாட்டின் பெரிய தலை மார்க்கோஸ் வம்வகாரிஸ் 1905-இல் பிறந்தது இந்தச் சந்துகளில்தான், ஒரு சின்ன முற்றத்தில் அவர் சிலை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எதிரே தீனோஸ், அதன் பின்னால் மிக்கோனோஸ். மேற்குக் கரையில் கினி என்ற மீனவர் கிராமத்துக்கும் பஸ்ஸில் போனோம். குளிர்காலத்தில் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை டிரைவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் எங்களைத் தவிர ஒருவர் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். கோடைப் படங்களில் பழுப்பாகத் தெரியும் தீவு முழுக்க இப்போது பச்சை, கல் சுவர்களுக்கு அடியில் மஞ்சளும் ஊதாவுமாகக் காட்டுப்பூ.

செவ்வாயும் புதனும் காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது, வபோரியா பக்கம் கப்பல் முதலாளிகளின் பழைய மாளிகைகளுக்குக் கீழே இரண்டு வயதான பெண்கள் பேசிக்கொண்டே நீந்திக்கொண்டிருந்தார்கள். விடுதி அம்மாள் சொன்னார், இதற்கு அல்கியோன் நாட்கள் என்று பெயர். காற்றுக் கடவுள் ஐயோலோஸின் மகள் அல்கியோன் மீன்கொத்தியாக மாறி, குளிர்காலத்தில் கடலோரம் முட்டையிட, குஞ்சு பொரிக்கும் வரை அப்பா காற்றை அடக்கி வைப்பாராம். நல்ல கதை, வானிலையும் பெரும்பாலும் ஜனவரியில் இப்படிச் சில நாள் கொடுத்துவிடுகிறது. ஆனால் அவர் அதோடு இன்னொன்றும் சொன்னார்: "தீனோஸ் போவதாக இருந்தால் நாளைக்கே போய்விடுங்கள்."

கேட்டிருக்க வேண்டும். ஜனவரி 30 தீனோஸில் மரியன்னைப் படம் 1823-இல் மண்ணுக்கடியில் கிடைத்த நாள், ஊர்வலம் நடக்கும். துறைமுகத்திலிருந்து கோயில் வரை பக்தர்கள் முழங்காலிலேயே ஏறிப்போகும் ஊர் அது. சீரோஸிலிருந்து கப்பலில் அரை மணி நேரம்தான், அந்த நாளுக்கென்றே டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். 29-ஆம் தேதி மாலை வடக்குக் காற்று கிளம்பியது. இரவு ஜன்னல் பலகைகள் அடித்த அடியில் தூக்கமே இல்லை. காலையில் பேக்கரியில் எல்லோர் வாயிலும் ஒரே சொல், "அபகொரெஃப்திகோ". கடலோரக் காவல்படை கப்பல் கிளம்பத் தடை போடுவதற்கு அங்கே அந்தப் பெயர். காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் தடையை எதிர்பார்க்க வேண்டியதுதான். ஏதென்ஸிலிருந்து பத்திரிகை வரவில்லை, இரண்டாம் நாள் கடையில் கீரை, பால் அடுக்கு காலியாகிக்கொண்டே வந்தது. யாரும் பதறவில்லை. வடமேற்கே க்ராமதா என்ற குடாவில், காற்றுக்கு ஒதுங்கிய பழங்காலத்து மாலுமிகள் பத்திரமாகப் போய்ச்சேர வேண்டி வேண்டுதல்களைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று விடுதி அம்மாள் சொன்னார். ரொம்ப தூரம் நடக்க வேண்டும் என்பதால் நாங்கள் போகவில்லை, ஆனால் அந்த இரண்டு நாளும் அந்தப் பாறை என் மனதிலேயே இருந்தது.

31 மாலை ஏதென்ஸிலிருந்து எங்கள் விமானம், அது போயிற்று. புது டிக்கெட்டுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 160 யூரோ. வானிலையால் கப்பல் ரத்தானால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் அல்லது அடுத்த கப்பலில் ஏறலாம், ஐரோப்பியச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தங்கும் செலவை அவர்கள் தர வேண்டியதில்லை. தீனோஸ் டிக்கெட்டை நாங்கள் இணையத்தில் ஒரு இடைத்தரகரிடம் வாங்கியிருந்தோம், அவர்கள் மூன்று நாள் பதிலே போடவில்லை. திரும்பும் டிக்கெட்டைத் துறைமுகத்தில் இருக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் வாங்கியிருந்தோம், அந்தப் பெண் எழுந்துகூட நிற்காமல் இரண்டு நிமிடத்தில் தேதியை மாற்றிக் கொடுத்து, "நாளை காற்று இறங்கும், மத்தியானக் கப்பலுக்கு வாருங்கள்" என்றார். டிக்கெட்டைத் தீவிலேயே வாங்குங்கள். விமானத்துக்கு முன்னால் இரண்டு நாளாவது ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பத்தாது.

ஆனால் மாட்டிக்கொண்ட அந்தச் சனிக்கிழமை இரவுதான் எட்டு நாளிலும் சிறந்த இரவு. மலைப்பக்கம் ஒரு உணவகத்தில் உட்கார இடமில்லை. கப்பல் கிடைக்காத லாரி டிரைவர்கள், மாணவர்கள், ஊர்க் குடும்பங்கள். மூலையில் இரண்டு மாணவர்களும் ஒரு பெரியவரும் புசுகி என்ற தந்தி வாத்தியமும் கிதாரும் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், மேடை கிடையாது, சாப்பிடும் மேசையிலேயே. ஒவ்வொரு பாட்டுக்கும் கடை முழுவதும் சேர்ந்து பாடியது. யாரோ ஒரு சங்கத்துக்காரர்கள் அங்கேயே வசிலோபித்தா என்ற புத்தாண்டு கேக்கை வெட்டினார்கள், ஜனவரி முழுக்க ஒவ்வொரு சங்கமும் அலுவலகமும் வெட்டிக்கொண்டே இருக்குமாம். உள்ளே ஒரு நாணயம் ஒளித்திருப்பார்கள், கிடைத்தவருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம். எங்கள் மேசைக்கும் இரண்டு துண்டு வந்தது. முட்டை போட்டது என்பதால் அக்கா தன் துண்டை என்னிடம் தள்ளினாள், நாணயம் அதில் இருந்தது. உடனே கையை நீட்டி வாங்கி, துடைத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு மத்தியானம் கப்பல் வந்தது, கரையில் பாதி ஊர் நின்றது. அடுத்த வருடம் அறை அதே விடுதியில்தான், ஆனால் 28-ஆம் தேதியே தீனோஸில் போய் இறங்கிவிடப் போகிறோம்.